அண்ணன் மூச்சைப் பிடித்த விதம்

"மூச்சை இழுங்க. விடுங்க. அப்படியே நிறுத்துங்க."

விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் நான் அதிகம் பேசிய வார்த்தைகள் இவைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் யாராவது விசாரித்தால் அம்மா, "டாக்டருக்குக் கொஞ்சம் கீழ" என்பாள். அண்ணன், "உள்ள வுட்டு போட்டோ புடிக்கிறான்" என்பான். இரண்டுமே எனக்குப் பிடிக்காது. இரண்டையும் திருத்தப் போனால் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்பதால் விட்டுவிடுவேன்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முதுகு. மிச்சம் முழங்காலும் தலையும். இதயத்தை எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்பதே விழுப்புரத்தில் பல பேருக்குத் தெரியாது. 2012 வாக்கில் மிஷின் கம்பெனிக்காரர்கள் இதயத்துக்கான சாஃப்ட்வேரைச் சும்மா போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஓடும், பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம். சொல்லிக்கொடுக்க வந்த ஆளிடம் நான் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஓனர் கதவில் எட்டிப் பார்த்து, "தம்பி, ஹார்ட்டுக்கு எவன் இங்க வரப்போறான்? பாண்டி போயிடுவான். நீ முதுகைப் பாரு" என்றார்.

வந்தது என் அண்ணன்தான்.

அண்ணன் கொத்தனார். வானூர் பக்கம் ஒரு கட்டடத்தில் சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு, மறுபடி ஏறி மிச்சச் சுவரையும் பூசியிருக்கிறான். சாயங்காலம்தான் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்கு அப்போது நாற்பது தாண்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

உயிர் பிழைத்தான். ஆனால் ரத்தக்குழாய்களில் அடைப்பு, பைபாஸ் பண்ண வேண்டும். பண்ணலாமா என்பதில்தான் சிக்கல். இதய டாக்டர் எங்கள் வயசுப் பெண், என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"இதயத்தோட முன்பக்கச் சுவர் அடிபட்டிருக்கு. எக்கோவுல பார்த்தா லேசா அசையுது. ஆனா அது தானா அசையுதா, இல்ல பக்கத்துல இருக்கிற நல்ல தசை இழுக்கறதால கூடவே போகுதான்னு தெரியல. உயிர் இருந்தா ஆபரேஷன் பண்ணி ரத்தம் கொடுக்கலாம், எழுந்துக்கும். செத்துப்போன தசைன்னா நெஞ்சைப் பிளந்து ஒரு பிரயோஜனமும் இல்ல. இந்த ஹார்ட்டுக்கு ஆபரேஷனே பெரிய ரிஸ்க்."

சாயம் ஏற்றி ஸ்கேன் எடுத்தால் செத்த தசை பளிச்சென்று தெரிந்துவிடும். அண்ணனுக்குச் சர்க்கரையில் கிட்னி கெட்டிருந்ததால் சாயம் கூடாது என்றார். பிறகு, "உங்க மிஷின்ல டேகிங், அதான் தசைமேல கோடு போட்டுப் பார்க்கறது, இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. சும்மா கொடுத்த அந்த சாஃப்ட்வேர் இன்னும் மூன்று வாரம் ஓடும்.

"முதல்ல சும்மா ஒரு தடவை எடுங்க. படம் சுத்தமா வந்தா எனக்கு அனுப்புங்க. நானே வந்து, இதயத்தைத் தூண்டுற மருந்தைக் கொஞ்சமா ஏத்தறேன். மருந்துக்கு அந்தச் சுவர் சுருங்குதான்னு பார்ப்போம். ஆனா முதல் படமே கலங்கலா இருந்தா நான் வந்து பிரயோஜனமில்ல."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணனுக்கும் அண்ணிக்கும் விளக்க முயன்றேன். மிஷின் ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் இதயத் தசைமேல் காந்தத்தாலேயே கோடு கிழிக்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக விழும். தசை சுருங்கினால் கட்டமும் அதோடு சுருங்கும். துடிப்பு முடிவதற்குள் கோடு மங்கிவிடும், அடுத்த துடிப்பில் புதிதாகக் கிழிக்கும்.

அண்ணன் மோரைக் கலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தான். ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தது. அவன் கட்டியிருந்தது கட்டம் போட்ட லுங்கி. முழங்கால்மேல் இருந்த துணியைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தேன்.

"பாரு, துணி நகருது. கட்டம் எப்படி இருக்குது?"

"சதுரமாத்தான் இருக்குது."

"இப்ப?" துணியைக் கைக்குள் பொத்திச் சுருக்கினேன். "கட்டம் நசுங்குதா? இதுதான் தானா வேலை செய்யற தசை. மொதல்ல பண்ணது, அடுத்தவன் இழுத்துக்கினு போற தசை. ரெண்டும் நகரத்தான் செய்யும். கட்டத்தைப் பார்த்தாதான் வித்தியாசம் தெரியும்."

அண்ணி சட்டென்று புரிந்துகொண்டாள். "கூட்டத்தோட சேர்ந்து சென்ட்ரிங் பலகையைத் தூக்கறவன் மாதிரியா? கை வெச்சிருப்பான், தூக்க மாட்டான்" என்றாள்.

"அதேதான் அண்ணி."

அண்ணன் லுங்கியை உதறிச் சரிசெய்துகொண்டான். "அப்போ என் நெஞ்சுக்குள்ள லுங்கி கட்டி வுடப் போற. கட்டு, கட்டு. அவுந்து போவாம கட்டு."

ஓனர் மதிய இடைவேளையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரு மணி நேரம்தான். முதல் நாள் அண்ணன் திண்டிவனத்தில் பஸ் ஏறி, விக்கிரவாண்டி டோல்கேட்டில் நெடுநேரம் நின்று, வியர்த்து வந்து சேரும்போது பாதி நேரம் போயிருந்தது. அரைஞாண் கயிற்றிலிருந்த வெள்ளிக் குண்டைக் கழற்றவைத்து, நெஞ்சு முடியை மழித்து, துடிப்பைக் காட்டும் லீடு ஒட்டி, படம் பிடிக்கிற காயிலை மேலே கட்டி, காதில் ஹெட்போனை மாட்டி உள்ளே அனுப்பினேன்.

படம் ஒரே துடிப்பில் விழுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் மிஷின் ஒரு படத்தைக் கட்டும். அதுவரை இதயம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மூச்சு ஏறி இறங்கினால் இதயமும் ஏறி இறங்கும், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எல்லாம் ஈஷிவிடும். அதனால்தான் மூச்சை விட்டுவிட்டு நிறுத்தச் சொல்வது. பதினைந்து விநாடி போதும்.

"இழுண்ணா. வுடு. அப்படியே நிறுத்து."

டக்டக்கென்று மிஷின் அடித்தது. முடிந்தது. "மூச்சு வுடலாம்." படம் வந்தது. ஈரச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு உள்ளங்கையால் தேய்த்த மாதிரி இருந்தது.

திரும்ப எடுத்தேன். அதே. திரும்ப. அதே.

"மூச்சை நிறுத்தினியா ண்ணா?"

"நிறுத்தினேன்டா."

"நடுவுல இழுத்தியா?"

"எங்கடா இழுத்தேன்? என்னையே கேக்கறியா நீ?" ஸ்பீக்கர் வழியாகக் கோபம் வந்தது. அண்ணனிடம் மூச்சைப் பற்றிச் சந்தேகப்படுவது சாதாரண விஷயம் இல்லை. ஊர்க் கபடியில் அவன் பெரிய ஆள். மாதா கோயில் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டீம் வரும்போது எங்கள் காலனி டீமில் பாடிப் போகிறவன் அவன்தான். ஒரு மூச்சில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, மூன்றாவது ஆளைக் காலில் இழுத்துக்கொண்டு கோடு தாண்டி வருவான்.

இரண்டாவது முறை வந்தான். சரியாக வரவில்லை. லீடு சரியில்லை என்று மாற்றினேன். கோட்டு அகலத்தைக் கூட்டினேன். நேரத்தைக் குறைத்தேன். சொல்லிக்கொடுத்த ஆளுக்கு போன் போட்டேன். அவர், "பேஷண்ட் கோஆபரேஷன் சார்" என்றார். அந்தக் கோஆபரேஷனோடு நான் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை.

ஓனர் வந்து திரையைப் பார்த்தார். "இன்னா தம்பி இது, மழையில நனைஞ்ச வலை மாதிரி இருக்குது? வெளிய மூணு முதுகு காத்துக்கினு இருக்குது. ஜல்தியா முடி."

அண்ணியைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவள் வெளியே பெஞ்சில் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். "கட்டம் தெரிஞ்சுதா?" தெரியவில்லை என்று சொல்லவும் முடியாது, தெரிந்தது என்று சொல்லவும் முடியாது. "இன்னொரு தபா வரணும் அண்ணி" என்பேன். வரும் வழியில் பஸ்ஸில் இருந்து இறங்கி நடப்பதற்கே அவனுக்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. நான்தான் அவனை வரவைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை வந்தபோது சாஃப்ட்வேர் முடிய ஒரு வாரம்கூட இல்லை. அது கரண்ட் போகிற காலம். எந்நேரம் போகும் என்று தெரியாது, ஜெனரேட்டர் எடுப்பதற்குள் மிஷின் படுத்துவிடும். அன்று, நான் "நிறுத்து" என்று சொல்லி, மிஷின் அடிக்கத் தொடங்கி, பாதியில் எல்லாம் இருட்டானது. ஜன்னல் இல்லாத அறை. டேபிளைக் கையால் இழுத்து அவனை வெளியே எடுக்க வேண்டும் என்று ஓடினேன்.

உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன்.

"கபடிகபடிகபடிகபடிகபடி..."

மிஷின் குகைக்குள்ளிருந்து மெல்லிய குரல், ஒரே சீராக, உதடு மட்டும் அசைகிற மாதிரி. மிஷின் சத்தத்தில் இத்தனை நாளும் இது என் காதில் விழுந்ததே இல்லை.

"ண்ணா!"

"கபடிகபடிகபடி..."

"ண்ணா, நிறுத்து! மூச்சு வுடு!"

ஒரு பெரிய மூச்சு வாங்கும் சத்தம். "இன்னாடா, வுடலாம்னு சொல்ல இவ்ளோ நேரமா? இன்னும் கொஞ்சம் வுட்டா உயிரே போயிருக்கும்."

டேபிளை இழுத்தேன். "பாடிக்கினா இருந்த? மூணு நாளா பாடிக்கினேவா இருந்த?"

"மூச்சு பிடிக்கச் சொன்ன. பிடிச்சேன்."

"மூச்சை நிறுத்துன்னா நிறுத்தணும் ண்ணா. பாடினா காத்து போய்க்கினே இருக்கும். வயிறு எறங்கிக்கினே இருக்கும். படம் எப்படி வரும்?"

"போறது போகட்டும், உள்ள இழுக்கலியே? இழுத்தாத்தானே தப்பு?"

"எவன் சொன்னான் உன்னைப் பாடச் சொல்லி?"

ஜெனரேட்டர் எடுத்து விளக்கு வந்தது. அண்ணன் லீடு ஒட்டிய நெஞ்சோடு எழுந்து உட்கார்ந்து என்னை முறைத்தான்.

"பாடாம எப்படிடா நம்புவ நீ? நீ அந்தாண்ட கண்ணாடிக்குப் பின்னால உக்காந்துக்கினு இருக்க. ஊர்த்தெருக்காரன் அம்பயரா நின்னா இன்னா பண்ணுவான், ஞாபகம் இருக்குதா? நாம தொட்டு வந்தா, 'மூச்சு வுட்டுட்டான், அவுட்டு'ம்பான். எத்தினி மேட்ச்சு அப்படிப் போச்சு. அதுக்குத்தான் கோடு தாண்டி வந்தப்புறமும் நான் பாடறது. கேட்டுக்கோடா, இன்னும் இருக்குதுடா மூச்சுன்னு. சத்தம் இல்லேன்னா எவன் ஒத்துக்குவான்?"

எனக்கு ஞாபகம் இருந்தது. கோட்டைத் தாண்டி வந்து, அம்பயரின் முகத்துக்கு எதிரே நின்று பாடிக்கொண்டே இருப்பான். நாங்கள் கை தட்டுவோம். அவர் வேறு பக்கம் பார்ப்பார்.

ஆனால் அப்போது அதற்கெல்லாம் இரங்கும் நிலையில் நான் இல்லை. "இங்க எவனும் ஊர்த்தெருக்காரன் இல்ல. நான்தான் இருக்கேன்" என்று கத்தினேன்.

"நீதான் 'நடுவுல இழுத்தியா'ன்னு கேட்ட."

நான் ஹெட்போனை எடுத்து மறுபடி அவன் காதில் மாட்டினேன்.

பாடாதே என்று சொல்லி மறுபடி உள்ளே அனுப்பினேன். பாடவில்லை என்றான். படம் இன்னும் மோசமாக வந்தது. சத்தம் இல்லாமல் மூச்சை வைத்திருக்க அவனுக்குத் தெரியவில்லை. தொண்டை தானாகவே ஓடியது. நான் பேனாவைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். இதயத் தசை எப்படி அசைகிறது என்று அளக்க எங்கோ யார் யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த வித்தை, விழுப்புரத்தில் ஒரு கபடிக்காரன் தொண்டையில் வந்து மாட்டிக்கொண்டது.

மூச்சுக்கென்று மிஷினோடு ஒரு பெல்ட் வரும். வயிற்றில் கட்டினால் மூச்சு ஏறி இறங்குவது திரையில் கோடாக ஓடும். முதுகுக்கு அது தேவையில்லை. வந்த நாளிலிருந்து டிராயரில் கிடந்தது. அடுத்த நாள் அண்ணனை உள்ளே அனுப்பாமல், திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து வயிற்றில் அதைக் கட்டினேன்.

"இதான் உன் மூச்சு. மேல போனா இழுக்கற, கீழ வந்தா வுடற. நேராப் போனா நிறுத்தியிருக்க. நீ பாடினா எனக்குத் தெரியும். பாடாட்டியும் தெரியும்."

அவன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சை நிறுத்தினான். கோடு நேராக ஓடியது. பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மூக்கால் ஒரு துளி காற்றைத் திருடினான். நெஞ்சு அசையவே இல்லை. கோடு லேசாக எகிறியது.

"இழுத்துட்ட" என்றேன்.

மறுபடி திருடினான். "இழுத்துட்ட." இன்னும் நைசாகத் திருடினான். "இழுத்துட்ட ண்ணா." அண்ணி கதவருகில் நின்று சிரித்தாள்.

பிறகு உண்மையாகவே நிறுத்தினான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கோட்டை விரலால் தொடாமல் தொடர்ந்துகொண்டு போனான். நேர்கோடு.

"நான் நிறுத்தி இருக்கேன்னு இது சொல்லுதா?"

"சொல்லுது."

"எவன் பார்த்தாலும் சொல்லுமா?"

"எவன் பார்த்தாலும்."

வயிற்றிலிருந்த பெல்ட்டைத் தடவிப் பார்த்தான். "இது அன்னிக்கி இருந்திருக்கணும்டா" என்றான்.

அன்று முதல் முயற்சியிலேயே படம் விழுந்தது. கறுப்புக் கோடுகள், கட்டம் கட்டமாக, கூராக. வட்டமான தசை சுருங்கச் சுருங்கப் பின்பக்கக் கட்டங்கள் நசுங்கின. முன்பக்கத்தில் கட்டங்கள் நகர்ந்தன, ஆனால் சதுரமாகவே நகர்ந்தன. நான் லுங்கியைப் பிடித்து இழுத்த மாதிரியே. படம் வந்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

அண்ணி கேட்டாள். "டாக்டர் பார்க்கணும் அண்ணி" என்றேன். அது பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். சாஃப்ட்வேருக்கு மறுநாளோடு முடிவு. மருந்து ஏற ஏற அண்ணனின் துடிப்பு கூடியது. மூச்சு அவனுக்குப் பாதி நேரம்கூட நிற்கவில்லை. நான் நேரத்தைக் குறைத்தேன், படம் மணல் மணலாக வந்தது. கூட்டினேன், மூச்சு விட்டுப்போனது. திரையில் அவன் மூச்சுக்கோடு நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே, "போதும் டாக்டர், எடுத்துடலாமா?" என்றேன். ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது: "இன்னொண்ணு எடுடா. வெச்சிருக்கேன்."

எடுத்தேன். கோடு நேராக நின்றது.

டாக்டர் படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். முன்சுவரின் மேல்பகுதியில் கட்டங்கள் கொஞ்சம் நசுங்கின. மருந்துக்கு முன்பு நசுங்காதவை. கீழே முனைப் பக்கம் கடைசிவரை சதுரமாகவே இருந்தது. "கீழ போயிடுச்சு. மேல தூங்குது, சாகல" என்றார் டாக்டர். "பண்ணலாம்."

பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வீட்டுக்கு வந்தான். கதை அங்கே முடிந்திருந்தால் நல்லதுதான்.

எனக்கு வேண்டியிருந்தது இன்னொரு படம். அந்தத் தூங்கின கட்டங்கள் எழுந்துகொண்டனவா? மூன்று மாதம் கழித்து எடுத்தால் தெரிந்துவிடும். சாஃப்ட்வேர் கெடு முடிந்ததால் மிஷினில் அந்தப் பட்டன் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஓனரிடம் கேட்டேன். "உன் அண்ணன் ஒருத்தனுக்காக அதை வாங்கச் சொல்றியா தம்பி?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்டேன். எக்கோவில் முன்பைவிட நன்றாக அசைகிறது, போதும் என்றார். அசைகிறது சரி. தானாகவா, இழுபட்டா? அதைத் தெரிந்துகொள்ளத்தானே அத்தனை மதியங்கள் உயிரை விட்டோம்? "அவர் நல்லா நடக்கறாரா, அதைப் பாருங்க" என்றார் டாக்டர். "தினமும் நடக்கச் சொல்லுங்க. நடக்கும்போது பேச முடியணும். பேச்சு நின்னா அவரும் நிக்கணும். அவ்வளவுதான் கணக்கு."

இதை அண்ணனிடம் சொன்னது நான்தான்.

"யார்கிட்ட பேசறது? தனியாப் போறவன்."

"எதையாவது பேசு. சும்மா வாய் அசைஞ்சா போதும்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு அதற்கு முன்னாலேயே புரிந்திருந்தது.

லீவு நாட்களில் காலையில் அவனோடு நானும் போவேன். திண்டிவனம் ரோட்டில் இரண்டு பக்கமும் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போட்ட கொல்லை. அவன் முன்னால் போவான், கட்டம் போட்ட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கபடி கபடி கபடி" என்று முணுமுணுத்தபடி. எதிரே வருகிற சைக்கிள்காரன் திரும்பிப் பார்ப்பான். களை எடுக்கிற பொம்பளைகள், "இன்னா கொத்தனாரே, யாரைத் தொடப் போற?" என்று சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். "மெதுவாப் பாடு ண்ணா" என்றால் இன்னும் சத்தமாகப் பாடுவான்.

நான் பத்தடி பின்னால் நடக்கிறேன். அந்தச் சுவர் எழுந்ததா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வாய்க்கால் மேட்டில் ஏறும்போது அவன் குரல் மெலிகிறது. நான் நின்று காதைக் கொடுக்கிறேன். மேட்டின் உச்சியில் ஒரு நொடி ஒன்றுமே கேட்காது.

"ண்ணா?"

"இருக்குதுடா" என்பான், திரும்பாமலே. "கபடிகபடிகபடி..."